கழற்றும் வேலை

என் அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போவார், நிற்பார், திரும்பி வருவார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் நடப்பார். சில நாட்களில் இரண்டாவது முறையும் வருவார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் அம்மாள், "என்ன, பூட்டு சௌக்கியமா இருக்கா?" என்று மேலிருந்து கேட்பார். "இருக்குங்க, நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கோங்க" என்பார் அப்பா. வருடக்கணக்காக அதே கேள்வி, அதே பதில். பதில் சொல்லும்போது அப்பா சிரிப்பார். பூட்டை இழுக்கும்போது சிரிக்க மாட்டார்.

சித்தப்பாவின் பட்டறையில் அவருக்குப் பெயர் 'செக்கிங்'. பெயிண்டர், டிங்கர்காரர், சீட் தைப்பவர் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பழைய கார்களை எலும்பு வரை பிரித்துப் புதிதாக்கிக் கொடுக்கிற பட்டறை அது. அதில் அப்பாவின் வேலை கழற்றுவது. கதவு, சீட், கண்ணாடி, தரைவிரிப்பு, கைப்பிடி, போல்ட், திருகு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, டப்பாவில் போட்டு வைப்பார். திரும்ப மாட்டுவதற்கு வேறு ஆட்கள். ஒயர் பக்கமே அவர் போகக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை சீட் தைப்பவர் ஏதோ அவசரத்தில், "செக்கிங்கண்ணே, அந்த லைட் ஒயரைக் கொஞ்சம் மாட்டி விடுங்க" என்றபோது, கண்ணாடி அறைக்குள்ளிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அண்ணன் கையில ஒயர் குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது." மெதுவாக, நல்லவிதமாகத்தான் சொன்னார். அப்பா ஒயரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

இதை நான் பார்த்தது ஊர் திரும்பிய மூன்றாவது வாரத்தில். ஆறு வருடம் வெளியே இருந்தேன். விடுதி வரவேற்பறை, பழத்தோட்டம், கப்பல் சமையலறை, மறுபடி விடுதி என்று ஓரிடத்தில் எட்டு மாதம் தாண்டியதில்லை. வீட்டில் பத்து நாள் உட்கார்ந்ததுமே கால் பரபரக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாதான் சித்தப்பாவிடம் சொல்லிப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். "எங்கயாவது கிளம்பறதுன்னா கிளம்புடி. அதுவரைக்கும் உங்கப்பாவோட போயிட்டு வா. இங்க நடந்து நடந்து தரையைத் தேய்க்காத." கழற்றுகிற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எண் எழுதிய அட்டை கட்டி, நோட்டில் பதிவது என் வேலை. அப்படித்தான் நாள் முழுக்க அப்பாவின் பக்கத்திலேயே இருக்கும்படி ஆனது. சின்ன வயதில்கூட எனக்கு அது வாய்த்ததில்லை.

தீப்பிடித்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்தது. அப்போது அப்பாவும் சித்தப்பாவும் வேறொரு முதலாளியிடம் வேலை செய்தார்கள். காருக்கு ரேடியோ பொருத்துவதில் அப்பா கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். என்ஜின் ஓடும்போது ரேடியோவில் கொரகொரவென்று இரைச்சல் வராமல் கேபிள் இழுப்பது சுலபமில்லை, அது அவருக்குக் கை வந்த வேலை.

ஒரே வாரத்தில் ஒரே மாதிரி இரண்டு கார்கள் வந்தன. நிறமும் ஒன்றே. இரண்டுக்கும் பின்பக்க மட்கார்டில் ஆண்டெனா. அங்கிருந்து கேபிள் டிக்கிக்குள் இறங்கி, டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருக்கிற தகட்டைத் தாண்டி, தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ரேடியோவைப் போய்ச் சேர வேண்டும். அந்த மாதிரிக் கார்களில் பேட்டரியும் டிக்கியில்தான். பேட்டரியின் தடித்த ஒயர் வருவதற்காக அந்தத் தகட்டில் ஏற்கெனவே ஓர் ஓட்டை உண்டு. ஒயர் தகட்டில் உரசாமலிருக்க ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆண்டெனா கேபிளையும் அதே ஓட்டையில் விடுவதென்றால் சின்ன வளையத்தை எடுத்துவிட்டுப் பெரிய வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் ஓரம் ஒயரின் தோலை அறுத்துவிடும். பேட்டரி ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது.

அந்த வாரம் டப்பாவில் பெரிய வளையம் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

பத்து நாள் கழித்து இரண்டில் ஒரு கார், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டுக்குப் பின்னால் பற்றிக்கொண்டது. ஒரு பல் டாக்டரின் கார். பின்சீட்டில் அவருடைய எட்டு வயது மகன். பையனை இழுத்து வெளியே போட்டதில் டாக்டருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. பையனுக்குக் கெண்டைக்காலில் காயம். டாக்டர் நான்கு மாதம் கிளினிக்கைத் திறக்கவில்லை.

யார் கேபிள் இழுத்தது என்று மறுநாள் முதலாளி கேட்டார். "அண்ணன்" என்றார் சித்தப்பா. அப்பா மறுக்கவில்லை. மறுக்கத் தெரியவில்லை என்பதுதான் சரி. ஈரவிரலால் வளையத்தை ஓட்டைக்குள் அமுக்கியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் எந்தக் காரில்? இரண்டிலும் அவர் ஏறி இறங்கியிருந்தார். எரிந்துபோன இடத்தில் ரப்பர் இருந்ததா இல்லையா என்று நெருப்புக்குப் பிறகு யார் சொல்ல முடியும்? தம்பி பொய் சொல்ல மாட்டான், ஆகவே நான்தான் மறந்திருக்கிறேன் என்று அவராகவே முடிவுக்கு வந்தார். அன்றைக்கே வேலை போனது. டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். யாரோ ஓர் அம்மாள் வந்து, "போயிடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாராம்.

அதற்குப் பிறகு லாரி சரக்கு இறக்கினார், ஒரு கிடங்கில் காவல் இருந்தார். கேபிளைப் பார்த்தாலே கை நடுங்கும் என்பாள் அம்மா. அந்த ஆறேழு வருடத்தில் சித்தப்பா அதே பட்டறையில் தலைமை ஆளாகி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டு, அண்ணனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் எல்லோரும் சித்தப்பாவை மெச்சினார்கள். நானும் மெச்சியவள்தான். வெளியே இருந்த ஆறு வருடமும் அப்பாவுக்கு இரண்டு வரி எழுதினால் சித்தப்பாவுக்கு நான்கு வரி எழுதுவேன்.

போன வருடம் அந்தப் பல் டாக்டரின் கார் ஒரு லாரியின் முதுகில் ஏறிப் பட்டறைக்கு வந்தது.

கொண்டுவந்தவர் டாக்டரின் மகன். முப்பது வயது, கலகலப்பான ஆள். "அப்பா இதை விக்கவும் இல்ல, தொடவும் இல்ல. இருபத்திரெண்டு வருஷம் ஷெட்டுல தூங்குச்சு. அவர் போனதுக்கப்புறம்தான் எனக்கு இதை ஓட்டிப் பாக்கணும்னு தோணுச்சு" என்றார். பாதிக் கார் கருகியிருந்தது, பாதி துருப்பிடித்திருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ரேடியோவும் வேணும். அதே எடத்துல ஆண்டெனா, அதே வழியில ஒயர். ஆனா ஒழுங்கா இழுங்க. போன தடவை எந்தப் புண்ணியவான் இழுத்தானோ, என்னை வறுத்து எடுத்துட்டான்." பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். அந்த இடத்தில் தோல் சுருங்கி மினுமினுத்தது.

பெயிண்டர் சிரித்தார். டிங்கர்காரர், "சரியா வேகல போலிருக்கே சார்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். "எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க சார்" என்றார் சித்தப்பா. ஐந்தடி தள்ளி அப்பா மண்ணெண்ணெய்த் தட்டில் போல்ட் கழுவிக்கொண்டிருந்தார். தட்டுக்குள் கை நின்றது. பிறகு மறுபடி கழுவ ஆரம்பித்தது.

சித்தப்பா அந்தக் காரை ஏன் எடுத்துக்கொண்டார் என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். வேண்டாம் என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது உறைக்கவே இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவரால் மறக்க முடிந்திருக்கிறது.

அப்பா இரண்டு நாள் வயிறு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் அவராகவே எழுந்து சட்டையை மாட்டினார். "போகணுமாங்க? வேற யாராவது செய்யட்டுமே" என்றாள் அம்மா.

"கழட்டத்தானே போறேன். கழட்டினா என்ன ஆகிடப் போகுது."

முன்பக்கத்திலிருந்து தொடங்கினோம். பின்பாதியை அவர் பார்க்கவே இல்லை. அங்கே எரிந்த சீட்டின் கம்பிகள் மட்டும் எலும்புக்கூடுபோல நின்றன. முன்பக்கத் தரைவிரிப்பு ஈரம் ஏறி நாறினாலும் முழுதாக இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவடி ஓரமாக அதைப் பிரித்தபோது, அடியில் ஒரு கேபிள் டேஷ்போர்டிலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கால் மிதிபட்டுக் கெடாமலிருக்க முழு நீளத்துக்கும் கறுப்புத் துணி டேப் சுற்றியிருந்தது. முன்சீட்டைத் தாண்டியதும் கரியாகி உதிர்ந்திருந்தது.

"அதை நீயே எடும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா கதவுக் கைப்பிடியைக் கழற்றப் போய்விட்டார்.

கேபிளின் மேல் ஏதாவது எழுத்து இருந்தால் பதிய வேண்டும் என்பதால் டேப்பைப் பிரித்தேன். அந்த மாதங்களில் எத்தனையோ ஒயர்களிலிருந்து டேப் பிரித்திருந்தேன். கை தானாகப் போகும். இதில் போகவில்லை. நான் பிரிக்கப் பிரிக்க அது இறுகியது.

"என்னப்பா இது, எல்லா டேப்பும் ஒரு பக்கமா பிரியும். இது எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு."

"எங்க காட்டு."

வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து, எலக்ட்ரீஷியனின் அலமாரியைத் திறந்து ஒரு டேப் உருளையை எடுத்தார். நான் பார்த்து அவர் அந்த அலமாரியைத் தொட்டது அன்றைக்குத்தான். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றினார். ஒரு சுற்றின் மேல் பாதி ஏறி அடுத்த சுற்று, அதன் மேல் பாதி ஏறி அடுத்தது. ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றி, கேபிளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் டேப்பின் ஓரங்கள் இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மற்றதில் அந்தப் பக்கமாக.

"திருப்பி வச்சுப் பாரு" என்றார். திருப்பினேன். "மாறாது. எந்த முனையில இருந்து பாத்தாலும் மாறாது. திருகு மரை மாதிரி அது. சுத்தினவன் கை மாறினாத்தான் மாறும்."

அந்தப் பழைய பட்டறையில் ஒயர் வேலை செய்தவர்கள் இரண்டே பேர். சித்தப்பாவை அங்கே எல்லோரும் 'பீச்சாங்கை' என்றுதான் கூப்பிடுவார்களாம். இன்றைக்கும் அவர் இடது கையில்தான் கையெழுத்துப் போடுகிறார்.

"அப்ப இந்தக் கார்ல கேபிள் இழுத்தது…"

"நான் இல்ல" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கத்தியிருப்பேன். பட்டறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள், கேட்கட்டும் என்றுதான் இருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "போட்டோ எடு. அட்டை கட்டு." எடுத்தேன். நூற்றுப் பதினான்கு, ஆண்டெனா கேபிள், முன்பாதி.

கண்ணாடி அறையில் சித்தப்பா ஏதோ தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா கேபிளையும் ஸ்க்ரூ டிரைவரையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, இது யார் சுத்து?"

"எது?"

"இதுதான்."

சித்தப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ கொஞ்சம் வெளிய இரு."

"அவ இருக்கட்டும்" என்றார் அப்பா.

பேனாவை மூடினார் சித்தப்பா. மூடியைத் திருகி முடிக்க வெகுநேரம் எடுத்தது. "இப்ப எதுக்குண்ணே அந்தப் பழைய கதை. இருபது வருஷம் ஆச்சு."

"இருபத்திரெண்டு."

"சரி, இருபத்திரெண்டு. வளையம் ஒண்ணுதான் இருந்துச்சு. அதை நீங்க எடுத்து அந்த இன்னொரு வண்டிக்குப் போட்டுட்டீங்க. முதலாளி சாயங்காலத்துக்குள்ள வேலை முடியணும்னு உயிரை எடுத்தார். வளையத்துக்குப் பதிலா டேப்பையே நாலு சுத்து அதிகமா சுத்தி விட்டேன். நாளைக்கு வாங்கியாந்து போட்டுடலாம்னுதான் இருந்தேன். மறுநாள் நான் வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு."

"கேட்டப்போ என் பேரை ஏன்டா சொன்னே?"

"பயம்ணே. அப்பதான் எனக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்க. உங்களுக்குக் கைராசி இருக்கு, எங்க போனாலும் வேலை கிடைக்கும்னு நெனச்சேன்." குரல் கொஞ்சம் தெம்பானது. "நீங்களாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. நீங்க வாயே திறக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன்."

"நீ சொன்னதும் நான் மறந்துட்டேன்னு நெனச்சேன்டா."

மேஜைமேல் போன் அடித்து ஓய்ந்தது.

"அதுக்குத்தானேண்ணே உங்களைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டேன்" என்றார் கடைசியில். "வெயில்ல சரக்குத் தூக்க விட்டுட்டேனா?"

"ஒயரைத் தொடக் கூடாதுன்னு ஏன்டா சொன்னே?"

"மொதல்ல நீங்கதான் கை நடுங்குதுன்னு சொன்னீங்க. அப்புறம்… அப்படியே பழகிடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "வெளிய போய் எல்லாருக்கும் சொல்லுங்க சித்தப்பா. இப்பவே சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேம்மா. சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? இந்த வண்டி வேலை முடியட்டும். இப்போ தெரிஞ்சா அவன் வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் எல்லாருக்கும்தான் கஷ்டம்."

அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். கேபிளை எடுக்கவில்லை. கதவருகே நின்று, "இந்த வண்டிக்குக் கேபிளை நான் இழுக்கறேன்" என்றார்.

"தாராளமா இழுங்கண்ணே" என்றார் சித்தப்பா. அத்தனை சுலபமாக அந்த வார்த்தை வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் வந்திருக்கக்கூடிய வார்த்தை.

வீட்டில் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லணும்மா. அந்தக் கார்க்காரர்கிட்டயும் சொல்லணும்."

"சொல்லி? எல்லாரும் மறந்தாச்சுடி. உங்கப்பா ஒருத்தர்தான் மறக்கல." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நானும் ஒரு தடவை கேட்டேன். வளையத்தைப் போட்டீங்களா இல்லையா, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கன்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல. அதோட கேக்கறதை விட்டுட்டேன். நானாவது நம்பியிருக்கலாம்."

கார்க்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். "காலுல தழும்போட இருக்கறவன். அவனுக்கு யாரா இருந்தா என்ன."

கருகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, பெயிண்ட் அடித்து, பேட்டரி ஒயரையும் மற்ற ஒயர்களையும் எலக்ட்ரீஷியன் இழுத்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. நான் எங்கேயும் கிளம்பவில்லை. கேபிள் இழுக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

அன்றைக்கு அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெயிண்டர் விசில் அடித்தார். "என்ன செக்கிங்கண்ணே, பிரமோஷனா?"

"பாத்துண்ணே, ஷாக் அடிக்கப் போகுது" என்றார் டிங்கர்காரர்.

"அடிச்சா உன்னைத் தொட்டுக்கறேன்" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில் டிங்கர்காரருக்கே ஆச்சரியம்.

முதலில் கேபிளை எடுக்கவில்லை. ஒரு நூலை எடுத்து, ஆண்டெனாவிலிருந்து ரேடியோ வரை அது எப்படிப் போக வேண்டுமோ அப்படி வைத்துப் பார்த்தார். பேட்டரி ஒயர் இடப்பக்கம் ஓடியது, ஆகவே இது வலப்பக்கம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் என்ஜின் சத்தம் ரேடியோவுக்குள் ஏறிவிடும். தவிர்க்க முடியாமல் தாண்டவேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்ட வேண்டும். டிக்கிக்குள் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றினார். ஆண்டெனா வழியாக மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே போகாது. இதையெல்லாம் யாருக்கும் விளக்கவில்லை. தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

தகட்டுக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து பெரிய வளையம் ஒன்றை எடுத்தார். பையில் இன்னும் இரண்டு இருந்தன. ஓட்டையின் ஓரத்தை அரத்தால் மழுக்கினார். வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு பக்கத்தை நுழைத்து, விரலால் சுற்றிலும் அமுக்கிக்கொண்டே போனார். டப் என்று உட்கார்ந்தது. கை நடுங்கவில்லை. பேட்டரி ஒயரும் ஆண்டெனா கேபிளும் ஒன்றையொன்று தொடாமல் அதற்குள் நின்றன. நான் நான்கு போட்டோ எடுத்தேன்.

மதியத்துக்குள் முடிந்தது. எலக்ட்ரீஷியன் ரேடியோவை மாட்டி, என்ஜினை ஓடவிட்டார். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் அத்தனை துல்லியமாக வந்தது. சுருதி கலையாமல், இரைச்சல் இல்லாமல். எலக்ட்ரீஷியன் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார். அப்போதும் இரைச்சல் வரவில்லை. "எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தக் கையை?" என்றார் அவர். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "யாராவது டீ சொல்லுங்கப்பா" என்றார். அந்த ஒரு டீ குடிக்கும் நேரம், நான் பார்த்திராத ஓர் ஆளைப் பார்த்தேன். காலை ஆட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் சீட் தைப்பவர் தகட்டுக்கு மேல் அட்டையைத் திருகி, பின்சீட்டை மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் போனபோது பின்சீட் வெளியே கிடந்தது. அப்பா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தகட்டுக்கு அருகே குனிந்து, விரலால் வளையத்தைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றார் என்னைப் பார்த்ததும்.

சீட் தைப்பவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப மாட்டினார். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அப்பா மறுபடி கழற்றினார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனை எடுத்து முந்தின நாள் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"பாருங்கப்பா. வளையம் தெளிவா தெரியுது. நீங்க போட்டதுதான். நான் பக்கத்துலயே இருந்தேன்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தக் காரும்மா?" என்று கேட்டார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. இந்தக் கார்தான் என்று சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டினார். பிறகு விரலை மறுபடி வளையத்துக்குள் விட்டார்.

மூன்றாவது முறை கழற்றியபோது சித்தப்பாவே வந்துவிட்டார். சுற்றிலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "நான் பாத்துட்டேண்ணே. இருக்கு. நல்லா உக்காந்திருக்கு. வாங்க, எழுந்திருங்க."

அப்பா எழுந்து நின்று, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எத்தனை வருஷம்டா நம்பினேன்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பெயிண்டருக்கு அது புரியவில்லை. அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை.

டார்ச்சை சீட்டின் மேல் வைத்தார். "எனக்குக் கழட்ற வேலையே போதும்."

"உங்க இஷ்டம்ணே" என்றார் சித்தப்பா.

பத்து நாள் கழித்து டாக்டரின் மகன் வண்டியை எடுக்க வந்தார். மனைவியையும் சின்னப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ரேடியோவைப் போட்டார். பட்டறை வாசலுக்கும் பின்சுவருக்குமாக இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கொஞ்சம்கூட இரைச்சல் இல்ல சார். யார் இழுத்தது கேபிளை?"

அப்பா மண்ணெண்ணெய்த் தட்டுக்கு முன்னால் இருந்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னை ஒருகணம் பார்த்தார். 'அண்ணன்' என்ற ஒரே வார்த்தைதான். முன்பு ஒருமுறை, இதே கேள்விக்குச் சொன்ன அதே வார்த்தை.

"எங்க ஆளுங்கதான் சார்" என்றார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அது எல்லோருக்கும் வருகிறது.

குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். அது சீட்டின் மேல் ஏறி நின்று, பின்கண்ணாடி வழியாக எங்களுக்குக் கை காட்டியது. கார் வாசலைத் தாண்டியதும் அப்பா ஈரக் கையோடு எழுந்து தெரு வரை போனார். பெயிண்டர் என்னிடம், "உங்கப்பாவுக்கு அந்த வண்டி மேல ஒரு ஆசை" என்றார். ஆமாம் என்றேன்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும் வரை அப்பா அங்கேயே நின்று அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், புகை வருகிறதா என்று.